கரும்பொருள்: வலப்பக்கச் செய்தியையும் அச்சிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்ச் சனசமூக நிலைய வாசிகசாலையின் அறிவித்தற் பலகையில், இரத்ததான முகாம் அறிவித்தலுக்குப் பக்கத்தில், தங்கள் பத்திரிகையிலிருந்து வெட்டிய துண்டொன்று பல நாட்களாக ஒட்டப்பட்டிருக்கிறது. "கரும்பொருள் கண்டுபிடிக்கப்பட்டது" என்பது தலைப்பு. ஒளி வீசாமல், ஈர்ப்பினால் மட்டும் தன்னைக் காட்டும் பொருளுக்குத்தான் கரும்பொருள் என்று பெயர். வெட்டி ஒட்டியவள் உயர்தரத்தில் பௌதிகவியல் படிக்கும் ஒரு மாணவி. சென்ற வாரம் நான் அதை இரண்டாம் தடவையாக வாசித்துக்கொண்டு நின்றபோது பக்கத்தில் வந்து கேட்டாள்: "சேர், இனிமேல் கண்டுபிடித்தாயிற்று என்றே எழுதலாமா?"

"எழுதக்கூடாது, பிள்ளை" என்றேன். ஏன் கூடாது என்று அவளுக்குச் சொல்லி முடிக்க வாசிகசாலை மூடும் நேரமாகிவிட்டது. அவளுக்குச் சொன்னதைத்தான் தங்களுக்கும் எழுதுகிறேன். நீளத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

செய்தியின் உள்ளே பிழை இல்லை. பிழை தலைப்பில் இருக்கிறது. 2025 நவம்பரில் தோக்கியோப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த தோமோனோரி தோத்தானி ஓர் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டார். பேர்மி விண்தொலைநோக்கி 15 ஆண்டுகளாகத் திரட்டிய காமாக் கதிர்த் தரவுகளை (காமாக் கதிர் என்பது மிக உயர்ந்த சக்தியுள்ள ஒளி) எடுத்து, பால்வீதியின் பட்டையை விலக்கிவிட்டு, அதற்கு மேலும் கீழுமுள்ள வானத்தை ஆராய்ந்தார். தெரிந்த காரணங்களால் வரக்கூடிய கதிர்களையெல்லாம் கழித்தபின், 20 கிகா இலத்திரன்வோல்ற்றை (கதிரின் சக்தியை அளக்கும் அலகு) அண்டிய சக்தியில் ஒரு மிச்சம் நின்றது. அது பால்வீதி மையத்தைச் சூழ்ந்து பரிவட்டம்போலப் பரந்திருந்தது. கண்ணுக்குத் தெரியும் ஒளியின் ஒரு போட்டோனைவிட, அதாவது ஓர் ஒளித்துணிக்கையைவிட, ஆயிரங்கோடி மடங்கு சக்தி என்று எண்ணிக்கொண்டால் அந்த அளவு விளங்கும். கரும்பொருள் துணிக்கைகள் ஒன்றோடொன்று மோதி அழிந்தால் இத்தகைய மிச்சம் வரலாம் என்றும், அத்துணிக்கையின் திணிவு புரோத்தனின் திணிவைப்போல் ஏறத்தாழ 500 மடங்காக இருக்கலாம் என்றும் அவர் கணித்தார். வேறு ஆய்வாளர்கள் சுயாதீனமாகச் சரிபார்க்க வேண்டும் என்பதையும் அவரே சொன்னார். அந்த வசனம் தங்கள் செய்தியின் கடைசிப் பந்தியில் இருக்கிறது. பலகையின் முன்னால் நிற்பவர்கள் அவ்வளவு தூரம் வாசிப்பதில்லை.

நான் 34 ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்து ஓய்வுபெற்றவன். என்னிடம் ஒரு சி.ஆர். கொப்பி இருக்கிறது. வானத்திலிருந்து விளங்காத சமிக்ஞை ஏதாவது வந்ததாகச் செய்தி வந்தால் அதை வெட்டி இடப்பக்கத்தில் ஒட்டுவேன். வலப்பக்கத்தை வெறுமையாக விட்டுவிடுவேன். அந்தச் செய்திக்குப் பிற்பாடு என்ன நடந்தது என்று எழுதுவதற்கான பக்கம் அது. கனடாவிலுள்ள மகன் அனுப்பும் கட்டுரைகளையும் நானே இணையத்தில் தேடி வாசிப்பவற்றையும் கொண்டு அதை நிரப்பி வருகிறேன். இடப்பக்கத் துண்டுகளில் பெரும்பாலானவை எங்கள் தமிழ்ப் பத்திரிகைகளில் வந்தவை. வலப்பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு தமிழ்த் துண்டுகூட இத்தனை ஆண்டுகளில் எனக்குக் கிடைக்கவில்லை. என் மனக்குறை முழுவதும் அதுதான்.

கரும்பொருளே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. 1933 இல் வானியலாளர் பிரிட்ஸ் சுவிக்கி, பால்வீதி போன்ற விண்மீன்குழுக்கள் பல சேர்ந்த கோமாக் கொத்தில் அதற்கான முதல் அறிகுறியைக் கண்டார். 1970 இல் வேரா ரூபினும் கென்ற் போர்ட்டும், அயல் விண்மீன்குழுவான அந்திரொமீடாவின் வெளிவிளிம்பிலுள்ள விண்மீன்கள், உள்ளே இருப்பவற்றுக்குக் குறையாத வேகத்தில் சுற்றுவதை அளந்து காட்டினார்கள். கண்ணுக்குத் தெரியும் பொருளின் ஈர்ப்பு மட்டும் அவ்வளவு வேகத்தைத் தாங்காது. அண்டத்திலுள்ள பொருளில் ஆறில் ஐந்து பங்கு இந்தக் கரும்பொருள் என்பது இன்றைய கணக்கு. அதன் ஈர்ப்பு தெரிகிறது. அது எதனால் ஆனது என்பதுதான் தெரியவில்லை.

முன்வைக்கப்பட்ட மாதிரிகளில் நெடுங்காலமாக முன்வரிசையில் இருப்பது விம்ப் எனப்படும் துணிக்கை. பாரமானது, மற்றப் பொருளோடு மிக அரிதாகவே இடைத்தாக்கம் கொள்வது. இதை மாணவிக்கு நல்லூர்த் தேரை வைத்து விளக்கினேன். தேரன்று காலை ஆலய வீதியில் நாலடி எடுத்துவைப்பதற்குள் தெரிந்த முகம் ஒன்று எதிர்ப்படும். கூட்டம் கலைந்து நாலா திசைக்கும் போனபின், பருத்தித்துறை வீதியில் தனியே நடப்பவர் ஒருவரையும் சந்திக்காமலே வீடு போய்ச் சேர்ந்துவிடுவார். அண்டம் பிறந்த முதற் கணங்களில் விம்ப் துணிக்கைகள் அப்படி நெருக்கமாக நின்று, சந்தித்துச் சந்தித்து அழிந்துகொண்டிருந்தன. அண்டம் விரிந்தது. சந்திப்பு அருகியது. அழியாமல் எஞ்சியவைதான் இன்றைய கரும்பொருள் என்பது மாதிரி. எவ்வளவு எஞ்சும் என்று கணக்குப் பார்த்தால், வானியலாளருக்குத் தேவையான அளவோடு அது அழகாகப் பொருந்துகிறது. பௌதிகவியலாளர் பலரின் மனம் அதில் தரித்துப்போனதற்குக் காரணம் அந்தப் பொருத்தம்தான்.

பால்வீதியின் மையம் இன்றும் தேரடியைப் போன்றது. அங்கே துணிக்கைகளின் அடர்த்தி இரண்டு மடங்கானால் சந்திப்பு நான்கு மடங்காகும். சந்திப்பு நடந்தால் அழிவு நடக்கும், அழிவின் எச்சமாகக் காமாக் கதிர் வரும். ஆகவே தேடவேண்டிய இடம் எது என்பதில் குழப்பம் இல்லை. ஆடி மாதத்து இரவில் ஒன்பது, பத்து மணிக்கு எங்கள் முற்றத்தில் நின்று தெற்கே பார்த்தால், அடிவானுக்கும் தலையுச்சிக்கும் பாதித் தூரத்துக்குச் சற்றுக் கீழே தேளின் வால் வளைந்து நிற்கும். அந்த வால்தான் மூல நட்சத்திரம். அதற்குக் கிழக்கே பூராடம். இரண்டுக்கும் இடைப்பட்ட வெளியில், ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது அந்த மையம். மூலம் என்று பெயர் வைத்ததால் எங்கள் முன்னோர் பால்வீதியின் மையத்தை அறிந்திருந்தார்கள் என்று சிலர் தொலைபேசியில் அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. முன்னோர் வானத்தைக் கவனமாகப் பார்த்தார்கள் என்பதே அவர்களுக்குப் போதிய பெருமை.

பேர்மியைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் கருவி விளங்காமல் சமிக்ஞை விளங்காது. இவ்வளவு சக்தியுள்ள கதிரை ஆடியாலோ வில்லையாலோ குவிக்க முடியாது. அந்தத் தொலைநோக்கியின் முதன்மைக் கருவி 1.8 மீற்றர் அகலமான ஒரு சதுரப் பெட்டி. உள்ளே மெல்லிய தங்குதன் தகடுகளும் சிலிக்கன் பட்டைகளும் மாறிமாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. காமாப் போட்டோன் ஒன்று தங்குதனில் படும்போது ஓர் இலத்திரனும், அதன் நேரேற்ற எதிர்த்துணிக்கையான ஒரு பொசித்திரனுமாகப் பிரியும். இரண்டும் சிலிக்கன் அடுக்குகளில் தடம் பதித்துக்கொண்டு இறங்கும். தடத்தைப் பின்னோக்கி நீட்டினால் வந்த திசை. அடியிலுள்ள சீசியம் அயடைட்டுப் பளிங்குகளில் அவை கொட்டும் சக்தியை அளந்தால் போட்டோனின் சக்தி. இப்படி ஒவ்வொரு போட்டோனுக்கும் ஒரு வரி: எத்தனை மணிக்கு, எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு சக்தியோடு. 2008 ஜூன் 11 இல் ஏவப்பட்ட சில வாரங்களுக்குள் தொடங்கி இந்த வரிகள் சேர்ந்துகொண்டே வருகின்றன. பூமியை ஒரு தடவை சுற்ற ஒன்றரை மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூட எடுக்கும். மத்திய கோட்டுக்கு இருபுறமும் ஏறத்தாழ 25 பாகைக்குள் அதன் பாதை. எங்கள் தலைக்கு மேலாலும் அது போய் வருகிறது.

கொப்பியின் முதல் துண்டு 2009 ஆம் ஆண்டுக்குரியது. லீசா குடெனஃப், டான் ஹூப்பர் என்ற இருவர் பேர்மித் தரவில் பால்வீதி மையத்திலிருந்து எதிர்பார்த்ததைவிடக் கூடுதலான கதிர் வருவதைக் காட்டினார்கள். ஒன்று முதல் மூன்று கிகா இலத்திரன்வோல்ற்று வரை அதன் உச்சம். புரோத்தனைப்போல் சில பத்து மடங்கு திணிவுள்ள விம்ப் அதற்குப் பொருந்தியது. வலப்பக்கம் இதற்கு நிறைந்து வழிகிறது. செக்கனுக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழலும் துடிப்பு விண்மீன்களும் ஏறத்தாழ இதே சக்தியில்தான் காமாக் கதிர் வீசுகின்றன. தனித்தனியாகப் பிரித்தறிய முடியாத அளவு மங்கலான ஆயிரக்கணக்கானவை மையத்தில் குவிந்திருந்தால் அதுவும் இப்படித்தான் தோன்றும். 2016 இல் இரு குழுக்கள், கதிர்கள் வழவழப்பாகப் பரவாமல் புள்ளி புள்ளியாக வருகின்றன, ஆகவே விண்மீன்களே காரணமாகலாம் என்று எழுதின. கரும்பொருள் கதை முடிந்தது என்று நானும் வலப்பக்கத்தில் எழுதினேன். 2019 இல் ரெபேக்கா லீனும் திரேசி சிலாட்டியரும் அந்த முறைகளில் ஒன்று, உண்மையான கரும்பொருட் சமிக்ஞையையே புள்ளிகள் என்று தவறாகச் சொல்லிவிடக்கூடும் என்று காட்டினார்கள். சிலாட்டியர் 2016 இல் புள்ளிகள் என்று எழுதிய குழுவிலும் ஒருவர். தமது முறையைத் தாமே சோதித்துப் பார்த்து வெளியிட்ட அந்த நேர்மையை நான் எந்த வகுப்பிலும் சொல்லத் தவறமாட்டேன். "முடிந்தது" என்று நான் எழுதியதை வெட்டி, மேலே திருத்தி எழுதினேன். இன்றும் வழக்கு முடியவில்லை.

இரண்டாம் துண்டு 2012. கிறிஸ்தோப் வெனிகர் என்பவர் மையத்தின் திசையில் 130 கிகா இலத்திரன்வோல்ற்றில் கூர்மையான ஒரு கோடு இருப்பதாக அறிவித்தார். இது பெரிய பரபரப்பு. விண்மீன்களும் வாயுவும் பலவகைச் சக்தியிலும் கதிர் வீசும், ஒரே சக்தியில் ஊசிபோலக் கோடு வருவதற்கு அவற்றால் காரணம் காட்டுவது மிகக் கடினம். துணிக்கைகள் இரண்டு அழிந்து நேரடியாகப் போட்டோன்களாக மாறினால் கோடு வரும். எனக்கும் அன்று நித்திரை வரவில்லை.

இந்த இடத்தில் 1993 ஆம் ஆண்டு நடந்த ஒன்றைச் சொல்லவேண்டும். குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் வாங்கும் விலையில் இல்லை. ஜாம் போத்தல் விளக்கில் வகுப்பு நடத்துவோம். முடிந்ததும் செய்தி கேட்பதற்காக வானொலிப்பெட்டியைச் சைக்கிள் டைனமோவோடு இணைத்து, ஒரு மாணவன் மிதியைக் கையால் சுற்றுவான். ஒருநாள் சிற்றலையில் முள்ளை நகர்த்திக்கொண்டிருந்தபோது, நிலையம் எதுவும் இல்லாத இடத்தில் சீரான ஒரு முரல்வு கேட்டது. ஏதோ ஒரு நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கப்போகிறது என்றேன். சுற்றிக்கொண்டிருந்த மாணவன் கையை நிறுத்தாமலே சொன்னான்: "சேர், நான் கொஞ்சம் மெதுவாகச் சுற்றுகிறேன். சத்தத்தின் சுருதி இறங்கினால் அது எங்கள் டைனமோ. இறங்காவிட்டால் வெளியிலிருந்து வருவது." மெதுவாகச் சுற்றினான். சுருதி இறங்கியது.

1995 இடப்பெயர்வுக்குப் பிறகு அந்த மாணவனை நான் காணவில்லை. பரிசோதனை என்றால் என்ன என்பதற்கு அவன் அன்று சொன்னதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் வாசித்ததில்லை.

130 கோட்டுக்கும் அதே சோதனைதான் நடந்தது. பூமியின் வளிமண்டல விளிம்பிலிருந்தும் காமாக் கதிர் வருகிறது. விண்ணிலிருந்து வரும் வேகமான துணிக்கைகளான அண்டக் கதிர்கள் காற்றில் மோதுவதால் உண்டாவது அது, கரும்பொருளுக்கு அங்கே வேலையே இல்லை. பேர்மிக் குழுவினர் அந்தத் திசையின் தரவைப் பார்த்தபோது, அங்கேயும் 130 இல் ஒரு மேடு தெரிந்தது. கருவியின் முரல்வு கலந்திருக்கலாம் என்ற ஐயம் பிறந்தது. தரவைத் திருத்தமாக மீளப் பகுத்து, மேலும் சில ஆண்டுகளின் வரிகளையும் சேர்த்தபோது, உண்மையான கோடானால் வலுக்க வேண்டிய அது மெலிந்து மறைந்தது. இதை வலப்பக்கத்தில் 2015 இல் எழுதினேன். 2012 இல் அந்தச் செய்தியை வாசித்த எங்கள் பிள்ளைகளுக்கு இந்த இரண்டாம் பாதியை யார் சொன்னார்கள்? இதுவரை ஒருவரும் சொல்லவில்லை.

சோதனையை மறுவளமாகவும் செய்யலாம். கருவியின் முரல்வு அல்ல, கரும்பொருள்தான் என்றால், கரும்பொருள் நிறைந்த வேறிடத்திலும் அது கேட்கவேண்டும். பால்வீதியைச் சுற்றிக் குறு விண்மீன்குழுக்கள் பல இருக்கின்றன. விண்மீன்கள் சொற்பம், வாயு இல்லையென்றே சொல்லலாம், கரும்பொருள் மட்டும் ஏராளம். துப்புரவான இடம். பேர்மி ஆண்டுக்கணக்காக அவற்றைப் பார்த்தும் தெளிவான சமிக்ஞை எதுவும் கிடைக்கவில்லை. நிலத்துக்குக் கீழும் தேடினார்கள். அமெரிக்காவின் தென் டகோட்டாவில் கைவிடப்பட்ட ஒரு தங்கச் சுரங்கத்தில், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீற்றர் ஆழத்தில், செனன் என்ற வாயுவைத் திரவமாக்கி 10 தொன் வைத்து விம்ப் வந்து மோதுகிறதா என்று காத்திருக்கிறார்கள். 280 நாள் தரவின் முடிவை 2024 இல் அறிவித்தார்கள். விம்ப் அகப்படவில்லை.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு தோத்தானியின் சமிக்ஞைக்கு வந்தால், அந்த மாணவிக்கு அது எவ்வளவு சுவையான கேள்வி என்பது தெரிந்தது. அவருக்குத் தேவைப்படும் அழிவு வீதம், குறு விண்மீன்குழுக்கள் விதிக்கும் எல்லையைவிடக் கூடியது. கரும்பொருள் எப்படிப் பரந்திருக்கிறது என்பதில் உள்ள நிச்சயமின்மையால் இரண்டையும் இணங்கவைக்கலாம் என்பது அவருடைய வாதம். இன்னொன்றையும் அவளே பிடித்துக்கொண்டாள்: 2009 மிச்சத்துக்குச் சில பத்து மடங்கு திணிவு, 2025 மிச்சத்துக்கு 500 மடங்கு. "சேர், எளிய மாதிரி என்றால் இரண்டும் ஒரே துணிக்கையாக இருக்க முடியாதே?" முடியாது. ஒன்றாவது வேறு காரணத்தால் வந்திருக்கவேண்டும், அல்லது மாதிரி இன்னும் சிக்கலாக இருக்கவேண்டும். "கண்டுபிடிக்கப்பட்டது" என்ற தலைப்பு அவளிடமிருந்து பறித்தது இந்தக் கேள்வியைத்தான்.

காத்திருப்பது வீண் என்று யாரும் நினைக்கவேண்டாம். 1967 இல், அணுகுண்டுச் சோதனைகளைக் கண்காணிக்க அமெரிக்கா அனுப்பிய வேலா செய்மதிகளில் விண்ணிலிருந்து காமாக் கதிர் வெடிப்பு ஒன்று பதிவானது. உலகத்துக்கு அதைச் சொன்னது 1973 இல். அவை எங்கள் பால்வீதிக்கு வெகு தொலைவுக்கு அப்பாலிருந்து வருபவை என்பது 1997 இல்தான் உறுதியானது. முப்பது ஆண்டுகள் அது "விளங்காத சமிக்ஞை" என்ற பெயரோடு இருந்தது.

தங்கள் கவனத்துக்கு முக்கியமாகக் கொண்டுவர விரும்புவது இது. பேர்மியின் காமாக் கதிர் வரிகள் 2009 முதல் எவரும் இலவசமாக இறக்கிக்கொள்ளும்படி திறந்து விடப்பட்டிருக்கின்றன. குடெனஃப்பும் ஹூப்பரும் வெனிகரும் தோத்தானியும் எடுத்தது அந்தப் பொதுத் தரவைத்தான். பால்வீதி மையத்துக்கு மேலும் கீழும் 25,000 ஒளியாண்டு உயரத்துக்கு ஊதி நிற்கும் பேர்மிக் குமிழிகளை 2010 இல் கண்டுபிடித்தவர்களும் அதையே எடுத்தார்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பௌதிகவியல் மாணவர் ஒருவர் தமது மடிக்கணினியில் அதே வரிகளை இன்றிரவே இறக்கலாம். தோத்தானி கழித்ததைத் தாமும் கழித்துப் பார்த்து மிச்சம் நிற்கிறதா என்று சொல்லலாம். டைனமோவை மெதுவாகச் சுற்றிப் பார்க்கத் தெரிந்த பிள்ளைகள் எங்களிடம் இருந்தார்கள், இருக்கிறார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று தலைப்புப் போட்டால் அவர்கள் ஏன் இறக்கப்போகிறார்கள்?

ஆகவே தங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. இந்தச் செய்திக்கு ஒரு திருத்தம் வெளியிடுங்கள்: "பால்வீதியைச் சூழ்ந்து விளக்கப்படாத காமாக் கதிர் மிச்சம் ஒன்று பதிவாகியுள்ளது. கரும்பொருள் அதற்கு ஒரு சாத்தியமான காரணம்." இவ்வளவு போதும். அடுத்து, வேறு ஆய்வாளர்கள் சரிபார்த்து முடிவு சொல்லும் நாளில், அது எப்படியானதாக இருந்தாலும், அதையும் இதே பக்கத்தில் இதே எழுத்தளவில் போடுங்கள். மொழிபெயர்க்க ஆள் இல்லையென்றால் நான் இருக்கிறேன், ஊதியம் வேண்டாம்.

அறிவித்தற் பலகையில் அந்தத் துண்டுக்கு வலப்புறம் ஒரு சாண் அகலத்துக்கு இடம் ஒதுக்கித் தரும்படி வாசிகசாலைச் செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். சம்மதித்திருக்கிறார். மாணவி தினமும் மாலை ரியூசனுக்குப் போகும் வழியில் சைக்கிளை நிறுத்தி எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள்.

இப்படிக்கு,
ஓய்வுநிலைப் பௌதிகவியல் ஆசிரியர் ஒருவர்,
கோண்டாவில்.